விம்பிள்டன் ரசிகர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் கடைசியில் தொடங்கி 14 நாள் நடக்கும் விம்பிள்டனைப் பலரும் கடைசி ஞாயிறு மட்டும் டிவியில் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் சுமார்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். என் கட்சி வேறு. அந்தப் போட்டியின் ருசி முழுக்க முதல் வாரத்தில், பேர் தெரியாத ஆட்டக்காரர்கள் மோதும் சின்ன கோர்ட்டுகளில் இருக்கிறது. கீழே உள்ள பதில்கள் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். வீட்டிலிருந்து பார்ப்பவர்களின் கேள்விகள் முதலில். லண்டனுக்கே போக நினைப்பவர்களின் கேள்விகள் அடுத்து.

நம் ஊர் நேரப்படி ஆட்டங்கள் எப்போது?

அப்போது லண்டனில் கோடை நேரம் என்பதால் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். வெளி கோர்ட்டுகளில் அங்கே காலை 11 மணிக்கு ஆரம்பித்தால் நமக்கு மாலை 3.30. 1-ம் எண் கோர்ட்டில் 5.30-க்கும், முக்கிய அரங்கமான சென்டர் கோர்ட்டில் 6 மணிக்கும் தொடங்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான கிராண்ட்ஸ்லாம் கிடையாது. ஆஸ்திரேலிய ஓபனுக்கு அதிகாலையில் எழ வேண்டும். அமெரிக்க ஓபனுக்குத் தூக்கத்தையே மறந்துவிட வேண்டும்.

ஒற்றையர் இறுதிப் போட்டிகள் வெகுகாலம் அங்கே பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கின. 2025-ல் 4 மணிக்கு மாற்றினார்கள்; நமக்கு இரவு 8.30. ஆண்கள் இறுதி ஐந்து செட் போனால் நள்ளிரவு தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டு, திங்கட்கிழமை காலை வேலைகளை முன்கூட்டியே யார் தலையிலாவது கட்டிவிடுங்கள். 2008-ல் நடாலும் ஃபெடரரும் மோதிய இறுதி, மழையால் தடைபட்டு, லண்டனில் இருட்டும் நேரத்தில் முடிந்தது. இங்கே அப்போது மணி ஏறத்தாழ ஒன்றே முக்கால். அன்று விழித்திருந்தவர்கள் யாரும் அதற்காக வருத்தப்பட்டதாக நான் கேட்டதில்லை.

எந்த ஆட்டம் எந்த கோர்ட்டில் என்று எப்படித் தெரியும்?

முந்தைய நாளே விம்பிள்டனின் இணையதளத்திலும் செயலியிலும் மறுநாளைய பட்டியல் வந்துவிடும். அதில் முதல் ஆட்டத்துக்கு மட்டும்தான் நேரம் நிச்சயம். "மூன்றாவது ஆட்டம்" என்று போட்டிருந்தால் முதல் இரண்டும் எப்போது முடிகிறதோ அப்போது. பெண்கள் ஆட்டம் ஒரு மணி நேரத்திலும் முடியலாம், ஆண்கள் ஆட்டம் நாலு மணி நேரமும் இழுக்கலாம். எனவே கடிகாரத்தை விட்டுவிட்டு ஸ்கோரைப் பாருங்கள்.

இந்தியாவில் எதில் பார்ப்பது?

2025 நிலவரப்படி ஸ்டார் ஸ்போர்ட்ஸ், ஜியோஹாட்ஸ்டார். உரிமங்கள் கைமாறுவது சகஜம், தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஒருமுறை சரிபாருங்கள். சுருக்கக் காட்சிகள் விம்பிள்டனின் யூடியூப் சேனலில் வரும்.

டிராவை எப்படிப் படிப்பது?

யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல்தான் டிரா. ஆண்கள், பெண்கள் ஒற்றையர் ஒவ்வொன்றிலும் 128 பேர். ஏழு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. 128-ல் 104 பேர் உலகத் தரவரிசையைக் கொண்டு நேராக வருகிறவர்கள், 16 பேர் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்து வருகிறவர்கள், 8 பேர் வைல்டு கார்டு, அதாவது அமைப்பாளர்களே விரும்பி உள்ளே அழைக்கிறவர்கள். தரவரிசையில் முன்னணியில் இருப்பதால் தரம் பிரிக்கப்பட்ட 32 பேர் மூன்றாம் சுற்றுக்கு முன் ஒருவரோடு ஒருவர் மோத முடியாதபடி டிராவில் பிரித்துப் போடப்படுவார்கள். முதல் இரண்டு பேர் எதிரெதிர் பாதியில் இருப்பதால் அவர்கள் சந்திப்பதென்றால் இறுதியில்தான்.

போட்டி தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை டிரா எடுப்பார்கள். அன்றே உட்கார்ந்து, தரம் பிரிக்கப்படாதவர்களில் புல்தரையில் நன்றாக ஆடுகிற நாலைந்து பேரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரமும் உங்களுக்கென்று ஓர் ஆள் களத்தில் இருப்பார். 2023-ல் மார்கெட்டா வோன்ட்ரூசோவா தரம் பிரிக்கப்படாமலே வந்து பெண்கள் பட்டத்தை வென்றார். விம்பிள்டன் பெண்கள் ஒற்றையரில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. 2001-ல் கோரன் இவானிசெவிச் உலகத் தரவரிசையில் 125-ம் இடத்தில் இருந்தார். வைல்டு கார்டு கொடுத்ததால் உள்ளே வந்தவர், மழையால் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போன இறுதியில் பேட்ரிக் ராஃப்டரை ஐந்தாவது செட்டில் 9-7 என்று வென்றார்.

எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லை. எந்த நாட்களைத் தேர்ந்தெடுப்பது?

முதல் திங்களும் செவ்வாயும். இறுதிப் போட்டியைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள்.

முதல் சுற்றில் ஆண்களும் பெண்களுமாக 128 ஆட்டங்கள். அவற்றை 18 கோர்ட்டுகளில் அந்த இரண்டு நாளில் முடிக்கத் திட்டமிடுவார்கள். எந்த நேரத்தில் டிவியைத் திறந்தாலும் எங்கோ ஒரு மூலையில் ஒரு பெரிய ஆள் தடுமாறிக்கொண்டிருப்பார். பெரிய ஆட்டக்காரர்கள் பலர் களிமண் தரையில் ஆடிவிட்டுப் புல்லுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். கால் இன்னும் பழகியிருக்காது. தகுதிச் சுற்றில் வந்தவரோ அதற்குள் புல்தரையிலேயே மூன்று ஆட்டம் ஜெயித்துவிட்டு சூட்டோடு சூடாக நிற்பார்.

டென்னிஸ் வரலாற்றிலேயே நீளமான ஆட்டம் நடந்தது சென்டர் கோர்ட்டில் அல்ல; 18-ம் எண் கோர்ட்டில், அதுவும் முதல் சுற்றில். 2010-ல் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹூவும் மூன்று நாளில் 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள். கடைசி செட் 70-68. அதில் மாஹூ தகுதிச் சுற்றில் வந்தவர். ஏழு முறை சாம்பியனான பீட் சாம்ப்ராஸ் அங்கே கடைசியாக ஆடியது 2002-ல், இரண்டாம் சுற்றில், பழைய 2-ம் எண் கோர்ட்டில். ஜார்ஜ் பாஸ்டில் என்ற சுவிட்சர்லாந்துக்காரரிடம் தோற்றார். சாம்பியன்களின் இடுகாடு என்று அந்தக் கோர்ட்டுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது.

முன்பெல்லாம் நடு ஞாயிறு ஓய்வு நாள். மழை கெடுத்த நாலு வருடங்களில் மட்டும்தான் அன்று ஆடினார்கள். 2022 முதல் அதுவும் வழக்கமான ஆட்ட நாளாகிவிட்டது. நாலாம் சுற்று முழுவதையும் ஒரே திங்கட்கிழமையில் கொட்டித் தீர்த்த அந்தப் பழைய ஏற்பாட்டை நினைத்து ஏங்குபவர்கள் உண்டு. நானும் அந்தக் கூட்டம்தான்.

கடைசி செட்டில் 6-6 வந்தால்?

2018 வரை இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வருட அரையிறுதியில் கெவின் ஆண்டர்சன் இஸ்னரை 26-24 என்று வென்ற பிறகு நிர்வாகம் மனம் இறங்கியது. 2019-ல் 12-12 வந்தால் டை-பிரேக் (புள்ளிகளை எண்ணி செட்டை முடிக்கும் முறை) என்றார்கள். அதே வருட இறுதியிலேயே அது தேவைப்பட்டது: ஃபெடரர் 8-7, 40-15 என்று இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட்டுகளை வைத்துக்கொண்டு தவறவிட்டார், ஜோகோவிச் 13-12 என்று முடித்தார். 2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் ஒரே விதி. கடைசி செட் 6-6 ஆனால் 10 புள்ளி டை-பிரேக். இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும்.

புல்தரை என்றால் சர்வ் அடித்துவிட்டு வலைக்கு ஓடி வருவார்களே, இப்போது ஏன் காணோம்?

புல்லையே மாற்றிவிட்டார்கள். 2001 முதல் முழுக்க ரை புல். அதற்கு முன் 70 விழுக்காடு ரை, மீதி ஃபெஸ்க்யூ என்ற வகை. ரை தேய்மானத்தைத் தாங்கும். அடியில் மண்ணும் இறுகிக் கெட்டியாக இருக்கும். பந்து முன்புபோல வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் போகாமல் எழும்பி வருகிறது. எழும்பி வரும் பந்தைத் திருப்பி அடிப்பது எளிது என்பதால் வலைக்கு ஓடுகிறவருக்குத்தான் ஆபத்து. மாற்றத்துக்கு மறுவருடமே, 2002-ல், ஹியூவிட்டும் நால்பாண்டியனும் ஆடிய இறுதியில் இருவருமே வலைக்கு ஓடாமல் பின்கோட்டிலிருந்தே ஆடுகிறவர்கள். ராக்கெட் நரம்புகள் மாறியதற்கும் இதில் பங்கு உண்டு, பழியை முழுக்கப் புல்லின் மேல் போட முடியாது.

புல்லின் உயரம் 8 மில்லிமீட்டர். முதல் நாள் பச்சைப் பசேல் என்று இருக்கும். ஆட்டக்காரர்கள் வழுக்கி விழுவதும் அப்போதுதான் அதிகம். இரண்டாம் வாரத்தில் பின்கோட்டை ஒட்டிய இடம் தேய்ந்து பழுப்பாகிவிடும். பழைய வீடியோக்களில் வலைக்குப் போகும் பாதை முழுக்கத் தேய்ந்திருக்கும், இப்போது அங்கே பச்சை மாறாமல் இருக்கிறது. எப்படி ஆடுகிறார்கள் என்பதைத் தரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எல்லோரும் ஏன் வெள்ளை உடையில்?

விதி. ஓரத்தில் வேறு நிறம் வந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தந்த நிறமும் வெள்ளைக் கணக்கில் வராது. ஆந்த்ரே அகாசி இதற்காகவே சில வருடம் வராமல் இருந்தார். பிறகு வெள்ளை உடுத்தி வந்து 1992-ல் பட்டத்தையே வென்றார். 2013-ல் ஃபெடரர் ஆரஞ்சு அடிப்பாகம் கொண்ட ஷூவோடு முதல் சுற்று ஆட, அடுத்த ஆட்டத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள். 2023-ல்தான் பெண்கள் உள்ளே அடர்நிற ஷார்ட்ஸ் அணிய அனுமதி கிடைத்தது. மாதவிடாய் நாட்களின் பதற்றத்தை ஆட்டக்காரர்கள் வெளிப்படையாகப் பேசிய பிறகு நடந்தது அது. வெகு தாமதம்.

கோட்டு நடுவர்கள் எங்கே போனார்கள்?

2025 முதல் அவர்கள் இல்லை. பந்து உள்ளேயா வெளியேயா என்பதைக் கேமராக்கள் பார்த்து, பதிவு செய்த குரல் அறிவிக்கிறது. முதல் வருடமே சிக்கலும் வந்தது. பாவ்லியுசென்கோவாவும் சோனே கார்டலும் ஆடிய நாலாம் சுற்றில் ஒரு கேமின் நடுவே கோர்ட்டின் ஒரு பக்கத்துக்கு அந்தக் கருவி தவறுதலாக அணைக்கப்பட்டிருந்தது. வெளியே போன பந்துக்குக் குரல் வரவில்லை; அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடவைத்தார்கள். பாவ்லியுசென்கோவா அந்த கேமை இழந்தாலும் ஆட்டத்தை வென்றார். தோற்றிருந்தால் இன்னும் பேசிக்கொண்டிருப்போம்.

நம்மவர்கள் அங்கே எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள்?

ஒற்றையரில் இந்தியர்கள் தொட்ட உச்சம் அரையிறுதி. அதைத் தொட்டவர் ராமநாதன் கிருஷ்ணன்: 1960-லும் 1961-லும். முதல் முறை நீல் ஃப்ரேசரிடமும் அடுத்த முறை ராட் லேவரிடமும் தோற்றார். இரண்டு தடவையும் அவரை வென்றவர்தான் கோப்பையையும் எடுத்தார். 1961 காலிறுதியில் அவர் ராய் எமர்சனை நேர் செட்டில் வென்றதை இன்றைக்கு எத்தனை பேர் பேசுகிறார்கள்? அதற்கும் முன்பு, 1954-ல், ஜூனியர் பட்டம். மகன் ரமேஷ் 1979-ல் அதே ஜூனியர் பட்டத்தை வென்று, 1986-ல் காலிறுதி வரை போனார்.

சென்னையின் இன்னொரு குடும்பம் அமிர்தராஜ். விஜய் 1973 காலிறுதியில் யான் கோடெஸிடம் ஐந்தாவது செட்டில் 7-5 என்று தோற்றார். அந்த வருடச் சாம்பியன் கோடெஸ்தான். 1981-ல் ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டு, அடுத்த மூன்றையும் விட்டார். 1976 இரட்டையரில் விஜயும் அண்ணன் ஆனந்தும் அரையிறுதி ஆடினார்கள்.

லியாண்டர் பயஸ் 1990-ல் ஜூனியர் பட்டம் வென்றபோது சென்னையில் இருந்த பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சி மையத்தின் தயாரிப்பு. 1999-ல் மகேஷ் பூபதியோடு ஆண்கள் இரட்டையர் பட்டமும் அவர் கையில். சானியா மிர்சா 2015-ல் மார்ட்டினா ஹிங்கிஸோடு பெண்கள் இரட்டையரை வென்றார். அண்மை ஆண்டுகளில் சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2019 ஒற்றையர் முதல் சுற்றில் ஆடினார். கோயம்புத்தூரின் ஸ்ரீராம் பாலாஜி இரட்டையரில் ஆடுகிறவர். இரட்டையர் ஆட்டங்கள் பெரும்பாலும் வெளி கோர்ட்டுகளில்தான் நடக்கும். நம்மூர்ப் பெயரைத் தேடுகிறவர்கள் பட்டியலில் கண்ணை அங்கே ஓட்ட வேண்டும்.

நேரில் பார்க்க டிக்கெட் எப்படி வாங்குவது?

மூன்று வழி. முதலாவது குலுக்கல். முந்தைய வருடம் இலையுதிர் காலத்திலேயே பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டவரும் பதிவு செய்யலாம். அதிர்ஷ்டம் அடித்தாலும் எந்த நாள், எந்த கோர்ட் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

இரண்டாவது டிபெஞ்சர் இருக்கைகள். ஐந்து வருடத்துக்கு ஒரு சென்டர் கோர்ட் இருக்கையை வாங்கிவைக்கும் ஏற்பாடு இது. 2026-2030 காலத்துக்கு ஓர் இருக்கை 1,16,000 பவுண்டு. அப்படி வாங்கிவைத்தவர்கள் மட்டும் தங்கள் டிக்கெட்டைச் சட்டப்படி பிறருக்கு விற்கலாம். குலுக்கல் டிக்கெட்டை யாராவது உங்களிடம் விற்க வந்தால் வாங்காதீர்கள். பெயர் மாற்ற முடியாத டிக்கெட் அது, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவது வரிசை. எனக்குப் பிடித்தது இதுதான்.

அந்த வரிசை எப்படி?

விம்பிள்டன் பூங்காவில் புல்வெளியில் நிற்க வேண்டும். டிஸ்ட்ரிக்ட் லைனில் சவுத்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷனில் இறங்குங்கள். பெயரைப் பார்த்து விம்பிள்டன் ஸ்டேஷனில் இறங்கினால் நடை கூடும். வந்த வரிசைப்படி எண் போட்ட அட்டை ஒன்று தருவார்கள். அதை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, நண்பருக்கு இடம் பிடித்துவைக்கவும் முடியாது. நம்மூர்த் துண்டு போடும் வித்தை செல்லாத வரிசை.

சென்டர் கோர்ட், 1, 2-ம் எண் கோர்ட்டுகள் ஒவ்வொன்றுக்கும் தினமும் ஏறத்தாழ 500 இருக்கைகளை வரிசையில் வருபவர்களுக்கென்றே ஒதுக்குகிறார்கள். கடைசி நாலு நாள் சென்டர் கோர்ட்டுக்கு மட்டும் இந்த ஒதுக்கீடு கிடையாது. அந்த இருக்கை வேண்டுமென்றால் முந்தைய நாளே போய், சின்னக் கூடாரம் போட்டுப் படுக்க வேண்டும். விடியற்காலையில் எழுப்பிவிடுவார்கள், கூடாரத்தை ஒப்படைக்க அங்கேயே இடம் உண்டு. மைதானத்துக்குள் மட்டும் போகும் டிக்கெட் போதுமென்றால் அதிகாலையில் போனால் போதும்.

மைதான டிக்கெட் மட்டும் வாங்கினால் ஏமாற்றமாக இருக்காதா?

முதல் வாரத்தில் நிச்சயமாக இருக்காது. 2025-ல் அதன் விலை 30 பவுண்டு. 3-ம் எண் கோர்ட்டிலிருந்து 18 வரை முன்பதிவில்லாத இருக்கைகளில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், சின்னக் கோர்ட்டுகளில் ஓரமாக நின்றும் பார்க்கலாம். உலகத் தரவரிசையில் 20-ல் இருப்பவர் உங்களிடமிருந்து கை எட்டும் தூரத்தில் சர்வ் போடுவார். பந்து ராக்கெட்டில் படும் சத்தத்தை டிவி எவ்வளவு மழுப்புகிறது என்று அங்கேதான் புரியும்.

பெரிய கோர்ட்டையும் பார்க்க ஆசை இருந்தால் மாலை வரை காத்திருங்கள். வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் திருப்பித் தரும் டிக்கெட்டுகளைக் குறைந்த விலைக்கு மறுபடி விற்கிறார்கள். பணம் அறக்கொடைக்குப் போகிறது. 1954 முதல் இருக்கும் வழக்கம். இப்போது இதற்கான வரிசை செயலியில்தான் என்பதால் கைபேசியில் சார்ஜ் இருக்கட்டும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஹென்மன் குன்று இருக்கிறது. புல்லில் உட்கார்ந்து பெரிய திரையில் பார்க்கலாம்.

சாப்பாடு கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், எலுமிச்சை சாதம் உட்பட. ஆளுக்கு ஒரு பை, 40x30x30 சென்டிமீட்டருக்குள். ஸ்ட்ராபெரியும் கிரீமும் உள்ளே வாங்கிக்கொள்ளுங்கள். 2010 முதல் 2.50 பவுண்டாகவே இருந்ததை 2025-ல் 2.70 ஆக்கினார்கள், அதற்கே செய்தித்தாள்களில் தலைப்பு வந்தது. மற்ற பண்டங்களின் விலையைப் பற்றி நான் பேசத் தயாரில்லை.

மழை வந்தால்?

சென்டர் கோர்ட்டுக்கு 2009 முதலும், 1-ம் எண் கோர்ட்டுக்கு 2019 முதலும் கூரை உண்டு. மூட ஏறத்தாழ பத்து நிமிடம், உள்ளே ஈரப்பதத்தைச் சரிசெய்ய இன்னும் கொஞ்ச நேரம். மற்ற கோர்ட்டுகளில் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுக் காத்திருப்பதுதான். கூரையும் விளக்கும் இருந்தாலும் இரவு 11 மணிக்கு மேல் ஆட முடியாது. அக்கம்பக்கத்துக் குடியிருப்பவர்களுக்காக உள்ளாட்சி போட்ட நிபந்தனை. 2012-ல் ஆண்டி மர்ரேயின் ஆட்டம் ஒன்று 11.02-க்கு முடிந்தது, அந்த இரண்டு நிமிடத்தைப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்கள்.

உள்ளே எப்படி நடந்துகொள்வது?

புள்ளி நடக்கும்போது பேசக் கூடாது, எழக் கூடாது. ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும்போது மட்டும் இருக்கைக்குப் போகலாம். உங்களுக்குப் பிடித்தவரின் எதிராளி இரண்டு சர்வையும் தவறாக அடித்துப் புள்ளியை இழந்தால் (இரட்டைத் தவறு) கைதட்டுவது அநாகரிகம். செல்ஃபி குச்சிக்கு அனுமதி இல்லை.

பிள்ளைகளோடு போகிறோம். எந்த வாரம் நல்லது?

கூட்டம் குறைவு என்பதால் இரண்டாம் வாரம். மைதான டிக்கெட்டின் விலையும் அப்போது இறங்கும். ஒற்றையர் ஆட்டங்கள் பெரிய கோர்ட்டுகளுக்குப் போய்விட்டாலும், வெளி கோர்ட்டுகளில் ஜூனியர் ஆட்டங்கள் நடந்துகொண்டிருக்கும். முன்வரிசையிலேயே இடம் கிடைக்கும். பார்ன் போர்க் 1972-லும், எட்பர்க் 1983-லும், ஃபெடரர் 1998-லும் அங்கே ஜூனியர் பட்டம் வென்றவர்கள். 2018-ல் பெண்கள் ஜூனியர் பட்டத்தை வென்ற இகா ஸ்வியாடெக், 2025 இறுதியில் அமாண்டா அனிசிமோவாவை 6-0, 6-0 என்று வென்று பெரியவர்கள் பட்டத்தையும் எடுத்தார். பிள்ளைகளிடம் ஜூனியர் டிராவைக் கொடுத்து ஆளுக்கு இருவரைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.